சொல்லக் கூடாத உலோகம்

போட்டிக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. ஜிபார் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அவள் கணவனுக்கே அப்படி ஊற்றிவிட்டாள். மாமியார் சல்கின் அதை இன்னும் மறக்கவில்லை.

"சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியவர் வராரு, நரின்லேருந்து" என்றாள் சல்கின். "நாலு மணிக்கு நீ வந்துடு. மாவு பிசைஞ்சு, தேய்ச்சு, இழை இழையா அறுக்கணும். அவருக்கு மெல்லிசா அறுத்தாத்தான் பிடிக்கும்."

"இன்னிக்கு நாலு மணிக்கு லேப் இருக்கு அத்தே."

"நேத்தும் லேப். முந்தாநாளும் லேப். அப்படி என்னத்தத்தான் காய்ச்சறீங்க அங்க?"

அவள் கணவன் சிய்மிக் தரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அம்மா, நான் மாவு பிசையறேன்."

"நீ பிசைஞ்சா டயர் வாசனைதான் வரும். பேசாம சாப்பிடு."

நரின் பெரியவர் மாமனாரின் அண்ணன். ஆகஸ்டில் கல்யாணம் நடந்த மறுநாள், உறவுகள் எல்லாம் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, மருமகளுக்குக் கல்லூரி எதற்கு, சீட்டை விட்டுவிடச் சொல் என்றவர் அவர்தான். ஜிபார் மருமகள்கள் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். மாமனார் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அது அவ நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே வாங்கின சீட்டு. நாம கொடுக்கல. நாம எப்படி எடுக்கறது?"

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவளிடம் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. வெந்நீர்க் குழாய் பழுதுபார்க்கும் வேலை. விடியும் முன்பே போய்விடுவார்.

அவர் பெயரை ஜிபார் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. மருமகள் சொல்லக் கூடாது. பெயர் மட்டும் என்றால் சுலபம். ஆனால் அவர்கள் மொழியில் இரும்புக்கு என்ன சொல்லோ அதுதான் அவர் பெயர். அதனால் அந்த வீட்டுப் பெண்கள் இரும்பைக் 'கெட்டி' என்பார்கள். கெட்டிச் சட்டி. கெட்டி வாளி. ரயில் என்றால் 'கெட்டிப் பாதை வண்டி'. சல்கினும் அப்படித்தான். இருபத்தாறு வருடமாக.

அவள் இப்படி ஒரு வீட்டின் மருமகள் என்பது கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் முதல் வாரத்திலேயே கிடைத்திருந்தது. தாய்மொழி அறிவியல் மன்றத்தில் பெயர் கொடுக்கப் போனபோது, தலைவன் எல்தியார் எல்லார் முன்னாலும் கேட்டான்: "கல்யாணமானவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ரெண்டு வருஷமா ரெண்டு பேரு. ஊர் ஊராப் போய்ப் பேசற நேரத்துல ஒருத்திக்கு மாமியாருக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு நாத்தனாருக்குக் கல்யாணம். இந்த வருஷம் எனக்கு அந்தத் தலைவலி வேண்டாம்."

ஜிபார் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மோதிரம் அதற்கு முன்பே பென்சில் டப்பாவுக்குள் போயிருந்தது.

*

தேநீர்க் கிண்ணங்களைக் கழுவும்போது போன் அடித்தது. எல்தியார்.

"ஜிபார், ஒரு மாற்றம். பக்திபேக் நேத்துக் கூடைப்பந்து ஆடி காலை உடைச்சுக்கிட்டான். அவன் தலைப்பை நீ எடுத்துக்கோ. உன் செம்புத் தலைப்பை மீரிம்கிட்ட கொடுத்துடறேன்."

அவள் கை நீரில் அப்படியே நின்றது.

"எந்தத் தலைப்பு?"

"இரும்பு."

சல்கின் இரண்டடி தள்ளி இறைச்சியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வேற எதாவது…"

"வேற இல்ல. ஊர் ஊராப் போற குழுவுல கடைசி இடம் ஒண்ணுதான் பாக்கி. உனக்கும் இன்னொரு பையனுக்கும் நடுவுல இழுத்துட்டு இருக்கு. உனக்கு வேண்டாம்னா சொல்லு, அவனைக் கூப்பிடறேன்."

"வேணும்."

"எது வேணும்? வாயைத் திறந்து சொல்லு, இங்க சத்தமா இருக்கு."

"அதுதான். நீங்க சொன்னது."

போனை வைத்தாள். சல்கின் கத்தியைத் துடைத்தாள்.

"யாருடி?"

"எங்க லேப் தலைவர். இன்னிக்குப் பாடம் மாறிடுச்சாம்."

"என்ன பாடம்?"

"கெட்டியைப் பத்தி, அத்தே."

சல்கினின் முகம் கொஞ்சம் இளகியது. "பரவாயில்ல. வாய் பழகிடுச்சு. எனக்கு ஒரு வருஷம் ஆச்சு தெரியுமா? ஒரு தடவை சந்தையில வாளி கேக்கப் போய், வாய் தவறிச் சொல்லிட்டு, மீதிக் காசைக் கூட வாங்காம ஓடி வந்தேன்."

ஜிபார் சிரித்தாள். 

*

சிய்மிக் நகரத்துக்குள் பயணிகள் வேன் ஓட்டுகிறான். அவன் பாதை பல்கலைக்கழக வாசல் வழியாகத்தான். முதல் நடையில் அவளை முன் இருக்கையில் ஏற்றிக்கொள்வான். பாதி வழியில் அவள் தலைத்துணியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைப்பாள். அவன் பார்த்திருக்கிறான். சின்னப் பெண்களோடு படிக்கும்போது கூச்சமாக இருக்கும் என்று அவனே நினைத்துக்கொண்டான். மன்றத்தில் சேர்ந்ததும், வீட்டில் அதை லேப் என்று சொல்வதும் அவனுக்குத் தெரியும். "சேர்ந்துக்கோ, நான் பார்த்துக்கறேன்" என்றவன் அவன்தான்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மூன்று வாரத்துக்கு முன் அவள் வேனிலிருந்து இறங்கியதை மீரிம் பார்த்துவிட்டாள். "யாருடி அது, உன் அண்ணனா?" என்று கேட்டாள். மீரிம்தான் அவளுக்குக் கல்லூரியில் கிடைத்த முதல் தோழி. அன்றுவரை ஒரே தோழியும் அவள்தான். ஜிபார் "ம்" என்றாள்.

அந்த ஒரு 'ம்'மை அவளால் இன்னும் திரும்ப எடுக்க முடியவில்லை.

"என்ன முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றான் சிய்மிக் சிக்னலில்.

தலைப்பு மாறியதைச் சொன்னாள்.

அவன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தான். "அப்பா கேட்டா சந்தோஷப்படுவாரு, அவரைப் பத்தி மூணு நிமிஷம் பேசறேன்னு."

"விளையாடாதீங்க. ரஷ்யச் சொல் சொன்னா மணி அடிப்பாங்க. மூணு மணி அடிச்சா மேடையை விட்டு இறங்கணும்."

"அப்ப நம்ம சொல்லையே சொல்லு. அம்மா அங்க வந்தா உக்காந்திருக்கப் போறாங்க? யார் காதுலயும் விழாது."

"என் காதுல விழும்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். பின்னாலிருந்து ஒரு கிழவர் பச்சை விழுந்துவிட்டது என்று கத்தினார்.

இறங்கும் அவசரத்தில் துணியைப் பைக்குள் வைக்க மறந்துவிட்டாள். அது இருக்கையிலேயே கிடந்தது.

*

மதியம் காலி வகுப்பறையில் மீரிம் பெஞ்சின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வறுத்த ரொட்டித் துண்டுகளைத் தின்றுகொண்டே சொன்னாள்.

"ஆரம்பி. நான்தான் நடுவர்."

ஜிபார் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். "நம்ம ரத்தம் ஏன் சிவப்பா இருக்கு? அதுக்குள்ள ஒரு உலோகம் இருக்கு. ஒரு ஆளோட உடம்புல இருக்கிறதை எல்லாம் சேர்த்தா ஒரு ஆணி செய்யலாம். அந்தக் கெட்டி…"

"நிறுத்து. கெட்டின்னா?"

"அதான். அந்த உலோகம்."

"ஏன் அப்படிச் சொல்ற?"

"எங்க ஊர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம்."

மீரிம் மெல்லுவதை நிறுத்தினாள். "எங்க அக்கா இப்படித்தான் பண்ணுவா. அவ மாமனார் பேரு தேன். அதனால தேனைத் தித்திப்புன்னுதான் சொல்வா. போன வாரம் போன் பண்ணி, வரும்போது தித்திப்பு வாங்கிட்டு வாங்கறா. நான் ஜாம் வாங்கிட்டுப் போனேன். ஏன்டி ஜாம்னு அழறா. நான் வேற என்னத்தடி வாங்கறது?"

ஜிபார் சிரிக்க வேண்டும் என்று நினைத்துச் சிரித்தாள்.

"மருத்துவம் படிச்சவடி அவ" என்றாள் மீரிம். "மூணாவது வருஷம். கல்யாணம் ஆச்சு, அவ்வளவுதான். இப்ப வந்தாலும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்க்கறா. அவளோட பேசறதே மணிக்கூண்டோட பேசற மாதிரி இருக்கு." இன்னொரு துண்டை எடுத்தாள். எடுத்ததை வாயில் போடாமல் ஜிபாரையே பார்த்தாள். "உங்க ஊர்ல எல்லாரும் கெட்டின்னுதான் சொல்வாங்களா?"

"பாதிப் பேரு."

"சரி. மேடையில அதைச் சொல்லாதே. யாருக்கும் புரியாது." கையிலிருந்த துண்டைத் தின்றுவிட்டு, "நீ ஜெயிக்கணும்டி. நரின், ஓஷ்னு ரெண்டு வாரம் பஸ்ல நான் எல்தியார் மூஞ்சியையா பார்த்துட்டுப் போறது? உன் பக்கத்து சீட்டு எனக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

மீரிமிடம் இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாயைத் திறந்தாள். மீரிம் ஒரு ரொட்டித் துண்டை அந்த வாய்க்குள் போட்டாள்.

"சாப்பிடு. வெறும் வயித்தோட மேடை ஏறினா உளறுவே."

*

நான்கு மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்து நடைவழியில் ஜிபார் தன் பேச்சை முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். எதிரில் மீரிம், செம்பைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, ஒரே ஒரு மணி வாங்கிய பெருமையில்.

ஜிபாரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சல்கின். எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. அணைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் நடைவழியின் கோடியில் சிய்மிக் வந்தான். வேன் சாவி விரலில் தொங்கியது. மறு கையில் வெள்ளைத் துணி.

அவள் நகர்வதற்குள் மீரிம் முந்திக்கொண்டாள்.

"அட, ஜிபாரோட அண்ணன். வாங்கண்ணா வாங்க. தங்கச்சி பேசறதைக் கேக்க வந்தீங்களா?"

சிய்மிக் நின்றான். மீரிமைப் பார்த்தான். பிறகு ஜிபாரைப் பார்த்தான். அவன் பார்வை அவள் விரலுக்கு இறங்கிற்று. வீட்டில் பார்க்கும்போது அங்கே இருக்கும் மோதிரம் இப்போது இல்லை.

அவனுக்கு எல்லாம் புரிந்த நேரத்தை ஜிபார் அவன் முகத்திலேயே பார்த்தாள். கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமா" என்றான். "அண்ணன்தான்."

துணியை நீட்டினான். "இதை வண்டியில விட்டுட்ட, தங்கச்சி."

"அழகா இருக்கே" என்றாள் மீரிம். "யாரோடது?"

"எங்க அம்மா கட்டிவிட்டது."

ஜிபார் வாங்கிக்கொண்டாள். துணி அவன் கைச்சூட்டில் இருந்தது.

"அம்மா போன் பண்ணாங்க" என்றான், அவளை நேராகப் பார்க்காமல். "பெரியவர் சீக்கிரமே வந்துட்டாரு. உன்னைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க. மருமக தினம் போற லேப் எதுன்னு அவர் தெரிஞ்சுக்கணுமாம். அப்பாவை வெச்சுக்கிட்டே கேட்டாராம்."

"எந்த மருமக?" என்றாள் மீரிம்.

சிய்மிக் ஒரு கணம் தடுமாறினான். "எங்க வீட்டு மருமக. அவளும் படிக்கிறா."

"ஜிபார், உனக்கு அண்ணி இருக்காங்களா? சொல்லவே இல்லையே."

மேடையிலிருந்து எல்தியார் ஜிபாரின் பெயரைக் கூப்பிட்டான்.

"போ" என்றான் சிய்மிக். "பேசிட்டு வா. நான் கடைசி வரிசையில உக்காந்திருக்கேன். வண்டியை வெளிய நிறுத்தியிருக்கேன்."

"நான்…"

"போன்னு சொல்றேன் இல்ல."

*

முதல் நிமிடம் நன்றாகப் போனது. ரத்தம் வந்தது, ஆணி வந்தது. முன்வரிசையில் நடுவராக உட்கார்ந்திருந்த வேதியியல் ஆசிரியர் தலையாட்டினார். எல்தியார் மேடை ஓரத்தில் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவன் காதுக்கு ஒரு ரஷ்யச் சொல்லும் அகப்படவில்லை. 'கெட்டி' என்ற இடத்தில் மட்டும் புருவத்தைச் சுருக்கினான். அதுவும் தாய்மொழிச் சொல்தான். மணி அடிக்க வழியில்லை.

துரு வந்தது.

"அலுமினியம் மேலயும் காத்து பட்டா ஒரு படலம் வரும். அது உள்ளே இருக்கிறதைக் காப்பாத்தும். கெட்டி மேல வர்ற துரு அப்படி இல்ல. அது மூடும். ஆனா காப்பாத்தாது. உதிரும். உதிர்ந்த இடத்துல மறுபடி துரு வரும். வெளியிலேருந்து பார்த்தா மூடியிருக்கிற மாதிரியே இருக்கும். உள்ளே…"

கடைசி வரிசையில் சிய்மிக் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அருகில், இடம் பிடித்துக்கொண்டு, மீரிம். அவள் ஏதோ சொல்ல, அவன் தலையாட்டினான். அண்ணன் மாதிரியே தலையாட்டினான்.

ஜிபாருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. கடைசி வரிக்குத் தாவி, முடித்து, தலை குனிந்தாள். கைதட்டல் கேட்டது.

"ஒரு மணிகூட இல்ல" என்றான் எல்தியார் ஒலிவாங்கியில். "இன்னிக்கு முதல் ஆள். ஆனா ஒரு சந்தேகம். மூணு நிமிஷம் ஒரு உலோகத்தைப் பத்திப் பேசினா, அதோட பேரை மட்டும் சொல்லவே இல்ல. கெட்டின்னா எது? கல்லு கெட்டி இல்லையா? எங்க விடுதி ரொட்டி கெட்டி இல்லையா?"

அரங்கம் சிரித்தது.

"ஐயா, பேரு வராம மார்க் போட முடியுமா?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஒரு தடவை சொல்லிடும்மா. போதும். கடைசி இடம் உனக்குத்தான்."

ஜிபார் நின்றாள்.

"மறந்துட்டா போல" என்று யாரோ சொன்னார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி இரக்கப்பட்டு அந்தச் சொல்லை உதட்டை அசைத்துக் காட்டினாள். பக்கத்திலிருந்தவன் மெல்லச் சொல்லிக்கொடுத்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் கொஞ்சம் சத்தமாக. பிறகு விளையாட்டாக வரிசை வரிசையாகச் சேர்ந்துகொண்டார்கள். காலால் தரையைத் தட்டி, கையால் பெஞ்சைத் தட்டி, அரங்கம் முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சொன்னது.

விடியும் முன்பே குழாய் பழுதுபார்க்கப் போகும் மனிதரை முந்நூறு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்று அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். அண்ணன் கேட்ட கேள்விக்கு, அவளுக்காக, ஏதாவது பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

கடைசி வரிசையில் சிய்மிக் எழுந்து நின்றிருந்தான். சொல் என்று அவன் தலையசைத்தான். பரவாயில்லை, சொல்லிவிடு.

ஒரு சொல். சொன்னால் இடம் கிடைக்கும். பஸ்ஸில் மீரிமின் பக்கத்து சீட்டு கிடைக்கும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மகனை இல்லை என்று சொல்லியாயிற்று. அப்பாவையும் மதிப்பெண்ணுக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

கையில் துணி இன்னும் இருந்தது. அவள் அதை உதறி, தலையில் போட்டு, பின்னால் முடிந்தாள். காலையில் கட்டுவதுபோலவே, அவசரமில்லாமல்.

தட்டல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. ஓர் இடத்தில் மட்டும் ஒருவன் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தான், பிறகு அவனும் நிறுத்தினான். எல்தியாரின் கையிலிருந்து மணிக் கயிறு நழுவி, மணி ஒரு முறை தானாக அடித்தது.

"அந்தச் சொல் எனக்கு மறக்கல" என்றாள் ஜிபார். ஒலிவாங்கியில் அவள் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது. "நான் சொல்ல மாட்டேன். அது என் மாமனார் பேரு."

"மாமனாரா?" என்றான் எல்தியார். "யாருக்கு மாமனார்?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. முந்நூறு தலைகளுக்கு மேலே கடைசி வரிசையைப் பார்த்தாள். மீரிமும் எழுந்து நின்றிருந்தாள்.

"மீரிம், உன் பக்கத்துல நிக்கறாரே, அவர் எனக்கு அண்ணன் இல்ல. என் வீட்டுக்காரர்."